கல்லூரியில் எழுதக் கற்பிப்பது எப்படி? அமெரிக்க முதலாண்டு எழுத்து வகுப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முனைவர் பட்டத்துக்காக அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் உள்ள ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். கட்டணத்துக்கு ஈடாக டி.ஏ. வேலை, அதாவது டீச்சிங் அசிஸ்டன்ட், கற்பித்தல் உதவியாளர். ஏதாவது லேபில் உட்கார வைப்பார்கள் என்று நினைத்துப் போனவன் கையில், முதலாண்டு மாணவர்களுக்கு எழுத்து வகுப்பு எடுக்கச் சொல்லித் தாளை நீட்டினார்கள். ஐந்து ஆண்டுகள் எடுத்தேன். அதன் பிறகு ஊரிலிருந்து பிள்ளையை அனுப்பும் பெற்றோர், போகப்போகும் மாணவர்கள், என்னைப் போலவே திடீரென்று டி.ஏ. ஆனவர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகள் இவை.

அமெரிக்கர்களுக்கே ஆங்கில வகுப்பா? அவர்களுக்கு எதற்கு?

ஆங்கிலம் சொல்லித்தரும் வகுப்பு அல்ல அது. எழுதச் சொல்லித்தரும் வகுப்பு. எஞ்சினியரிங் படிக்க வந்தாலும் இசை படிக்க வந்தாலும், பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகளில் முதல் ஆண்டில் ஒன்றோ இரண்டோ செமஸ்டர் இதை முடித்தாக வேண்டும். கல்லூரிக்குக் கல்லூரி பெயர் மாறும். பேச்சில் ‘காம்ப்’ என்பார்கள், காம்போசிஷன் என்பதன் சுருக்கம். தமிழ் தாய்மொழி என்பதால் மட்டும் நம்மில் எல்லோருக்கும் தமிழில் ஒரு வாதத்தை ஆறு பக்கத்துக்கு நிறுத்தி எழுத வந்துவிடுகிறதா? அதே கதைதான் அங்கேயும்.

இந்த வகுப்பு எப்படித் தொடங்கியது?

ஒரு புகாரில் தொடங்கியது. 1874-இல் ஹார்வர்ட் தன் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை ஒன்றைச் சேர்த்தது. நல்ல பள்ளிகளில் படித்து வந்த பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் தாள்களைப் பார்த்துப் பேராசிரியர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஆடம்ஸ் ஷெர்மன் ஹில் என்ற பேராசிரியரின் பிடிவாதத்தில் 1885-இல் ‘இங்கிலீஷ் ஏ’ என்ற முதலாண்டு வகுப்பு வந்தது. மற்ற கல்லூரிகள் அதைப் பார்த்துப் பின்பற்றின. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எழுதவே தெரியவில்லை’ என்ற பேச்சுக்கு அப்போதே வயதாகிவிட்டது என்பதை மட்டும் கவனியுங்கள்.

அந்தக் கால வகுப்பின் முறை எளிது. மாணவன் அடிக்கடி சின்னச் சின்னதாக எழுதித் தருவான், ஆசிரியர் பிழைகளைக் குறித்துத் திருப்பித் தருவார். பெரிய கொள்கை என்று எதுவும் இல்லை. ஆசிரியரின் முதுகுதான் வளைந்தது. 1912-இல் ஆங்கில ஆசிரியர்களுக்கான ‘இங்கிலீஷ் ஜர்னல்’ இதழ் தொடங்கியபோது, முதல் இதழின் முதல் கட்டுரையை கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் எட்வின் ஹாப்கின்ஸ் எழுதினார். இப்போதுள்ள நிலைமையில் எழுத்தை நன்றாகக் கற்பிக்க முடியுமா என்பது தலைப்பு. கட்டுரையின் முதல் சொல்லே ‘முடியாது’ என்பதுதான்.

இந்த வகுப்பில் ‘ரெட்டரிக்’ என்கிறார்களே, அது மேடைப் பேச்சுதானே?

செய்தித்தாளில் ‘வெறும் ரெட்டரிக்’ என்றால் சவடால். வகுப்பில் அந்தப் பொருள் இல்லை. எந்தச் சூழலிலும் எதைச் சொன்னால் கேட்பவர் இணங்குவார் என்று கண்டுகொள்ளும் திறன் என்று அரிஸ்டாட்டில் வகுத்தாரே, அந்த ரெட்டரிக். பேசுபவர் மேல் உள்ள நம்பிக்கை, கேட்பவரின் மனநிலை, சொல்லும் காரணம் என்று மூன்று வழிகளை அவர் சொன்னார். ஈதோஸ், பேதோஸ், லோகோஸ் என்று அமெரிக்க மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள்.

ஆபத்தும் அங்கேதான். நம் தமிழ்த் தேர்வில் ‘இப்பாடலில் பயின்றுவரும் அணியைக் கூறுக’ என்று ஒரு கேள்வி வரும். பாட்டு புரியாமலே விடை எழுதி மதிப்பெண் வாங்கலாம். அதே மாதிரி, ‘ஆசிரியர் இங்கே பேதோஸைப் பயன்படுத்துகிறார்’ என்று ஆறு பக்கம் எழுதிக் கொடுப்பார்கள். சரி, பயன்படுத்தினார், அதனால் என்ன? யார் படிக்க எழுதினார், அந்த ஆள் எதை ஏற்கெனவே நம்புகிறவர், அந்த நேரத்தில் இதைச் சொல்ல என்ன அவசியம் வந்தது? இவற்றைக் கேட்டால்தான் ரெட்டரிக். பெயர் ஒட்டுவது சுலபம்.

எனக்கு வகுப்பில் அரிஸ்டாட்டிலைவிட அதிகம் கைகொடுத்தவர் ஸ்டீபன் டூல்மின் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி. 1958-இல் அவர் வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டினார். ஒருவர் ஒன்றைச் சொல்கிறார். அதற்கு ஆதாரம் காட்டுகிறார். அந்த ஆதாரத்திலிருந்து அந்த முடிவுக்குத் தாண்ட ஒரு பாலம் வேண்டும், அதை வாரன்ட் என்றார். ‘காலை பத்து மணிக்கு மேல் வளாகத்தில் கார் நிறுத்த இடமில்லை, ஆகவே புதிய பார்க்கிங் கட்ட வேண்டும்.’ அமெரிக்க மாணவர் நூறு பேரில் பத்துப் பேராவது இந்தக் கட்டுரையை எழுதிவிடுவார்கள், நான் பந்தயம் கட்டத் தயார். இதில் சொல்லாமல் விட்ட பாலம் எது? கல்லூரிக்குக் காரில்தான் வர வேண்டும், அதற்கு இடம் தருவது கல்லூரியின் கடமை என்ற நம்பிக்கை. அதை வெளியே எடுத்து வைத்தவுடன் வகுப்பில் பாதிப் பேர் ‘பஸ் விடலாமே’ என்பார்கள். எழுதியவருக்கு அப்போதுதான் தன் கட்டுரைக்கு ஓர் எதிராளி இருப்பது தெரியும்.

இலக்கணம் சொல்லித் தருவீர்களா?

தனிப் பாடமாக இல்லை. 1963-இல் ரிச்சர்ட் பிராடக்கும் இன்னும் இருவரும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இலக்கணத்தைத் தனியாகக் கற்பிப்பதால் எழுத்து மேம்படுவதில்லை, எழுதும் நேரத்தை அது தின்பதால் கெடுதலாகக்கூட முடியலாம் என்றார்கள். ஆசிரியர்களிடையே இதற்கு எழுந்த சண்டை இன்னும் ஓயவில்லை.

அதற்காகப் பிழையைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று பொருளில்லை. இதில் மினா ஷானசியின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். 1970-இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், நகரத்தில் பள்ளி முடித்த எவருக்கும் இடம் உண்டு என்று கதவைத் திறந்தது. அதுவரை கல்லூரி வாசலையே பார்க்காத குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். அவர்கள் எழுதிய தாள்களைப் பார்த்த பலர், இவர்களுக்குக் கற்பிக்கவே முடியாது என்று கைவிட்டபோது, அங்கே எழுத்து கற்பித்த ஷானசி சுமார் 4,000 தாள்களை உட்கார்ந்து படித்தார். 1977-இல் வந்த அவருடைய புத்தகம் ஒரே ஒரு விஷயத்தை விடாமல் காட்டியது: பிழைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. மாணவன் தனக்குத் தெரிந்த ஒரு விதியை, அது பொருந்தாத இடத்தில் நாணயமாகப் பின்பற்றியிருக்கிறான்.

தமிழ்ப் பிள்ளைகள் ‘எ’, ‘தி’ என்ற ஆங்கில ஆர்ட்டிக்கிள்களை விட்டுவிடுவது கவனக்குறைவா? தமிழில் ‘தி’ போல ஒரு சொல்லே கிடையாது. ‘மாடு வந்தது’ என்றால் எந்த மாடு என்று சூழல் சொல்லிவிடும். கணக்கைத் தெரிந்துகொண்டால், ஒரு கட்டுரையில் 30 இடத்தில் சுழிப்பதற்குப் பதில் ஒரே ஒரு விதியை ஐந்து நிமிடம் பேசலாம்.

‘பிராசஸ்’ கொள்கை என்கிறார்களே, அது என்ன?

இந்தத் துறையின் பெரிய திருப்பம் அதுதான், ஆகவே கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

1971-இல் ஜேனட் எமிக் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேரை, எழுதும்போதே மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். பாடப்புத்தகத்தில் இருந்த ‘முதலில் குறிப்புச் சட்டகம், பிறகு எழுத்து, பிறகு சரிபார்ப்பு’ என்ற வரிசைப்படி அவர்கள் எழுதவில்லை. முன்னும் பின்னும் போய்வந்தார்கள். அடுத்த ஆண்டு டொனால்ட் மரே, எழுத்தை முடிந்த பண்டமாகப் பார்க்காமல் நடக்கும் வேலையாக, அதாவது ‘பிராசஸ்’ ஆகக் கற்பிக்க வேண்டும் என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். மரே செய்தித்தாள்காரர், தலையங்கங்களுக்காக 1954-இல் புலிட்சர் பரிசு பெற்றவர். நல்ல வாக்கியம் முதல் தடவையிலேயே வராது என்பது தொழில் கற்றுக்கொடுத்த பாடம் அவருக்கு.

அப்புறம் நான்சி சோமர்ஸ். 1980-இல் வெளியான ஆய்வில் அவர் 20 மாணவர்களையும் 20 அனுபவமுள்ள எழுத்தாளர்களையும் எழுதவிட்டு, அதையே திரும்பவும் எழுதச் சொன்னார். மாணவர்கள் சொல்லை மாற்றினார்கள். நல்ல சொல்லாகப் போட்டார்கள், இரண்டு தடவை வந்த சொல்லை அடித்தார்கள். அனுபவசாலிகளோ தாங்கள் சொல்ல வந்தது என்ன என்பதையே இரண்டாம் தடவை எழுதும்போதுதான் கண்டுபிடித்தார்கள். பத்தியைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தார்கள், பாதியை வெட்டினார்கள்.

தமிழில் இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு சிக்கல் வரும். ‘திருத்துவது’ என்றால் நமக்கு வாத்தியார் வேலை. ‘பேப்பர் திருத்தியாச்சா சார்?’ என்று கேட்டே வளர்ந்தோம். எழுதுவது மாணவன், திருத்துவது ஆசிரியர். ஆனால் நிலத்தைத் திருத்துவது என்றும் ஒரு வழக்கு உண்டு அல்லவா? கல்லைப் பொறுக்கி, மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, விதைக்கும்படி ஆக்குவது. அதை நிலத்துக்காரர்தான் செய்ய வேண்டும். சோமர்ஸ் பேசுவது இந்த இரண்டாவது திருத்தம். முதலாண்டு எழுத்து வகுப்பின் ஐந்து ஆண்டில் நான் செய்ய முயன்றதெல்லாம் முதல் வகைத் திருத்தத்தைக் குறைத்து, இரண்டாவதை மாணவர் கைக்கு மாற்றுவதுதான்.

அப்படியானால் ஆசிரியர் தாளில் என்னதான் எழுதுவார்?

முதல் செமஸ்டரில் நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். ஒரு மாணவியின் நாலு பக்க டிராஃப்டில் 50 நிமிடம் உட்கார்ந்து எல்லாப் பிழையையும் குறித்தேன். கடைசியில், ‘உங்கள் வாதம் இன்னும் ஆழமாக வேண்டும்’ என்று ஒரு வரி. அவர் ஒரு வாரத்தில் நான் குறித்த காற்புள்ளிகளை எல்லாம் ஒன்றுவிடாமல் சரிசெய்து கொண்டுவந்தார். வாதம் வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் மேல் தப்பே இல்லை. சரிசெய் என்று காட்டிய இடத்தை எப்படி மாற்றி எழுதுவார்? சரிசெய்த வாக்கியத்தை வெட்டிப் போட யாருக்கு மனம் வரும்?

1982-இல் அதே சோமர்ஸ் ஆசிரியர்களின் குறிப்புகளை ஆராய்ந்து இதைத்தான் எழுதியிருந்தார் என்று பிறகு படித்தேன். ஒரே பத்தியில் ‘காற்புள்ளி போடு’ என்றும் ‘இந்தப் பத்தியை விரித்து எழுது’ என்றும் ஆசிரியர் சொல்கிறார். பல குறிப்புகள் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி, யாருடைய கட்டுரையில் குத்தினாலும் பொருந்தும்.

நான் பிற்பாடு கைக்கொண்டது இது. முதல் டிராஃப்டில் பிழை பக்கமே போக மாட்டேன். இரண்டு மூன்று கேள்விகள் மட்டும், அந்தக் கட்டுரைக்கே உரியவை. ‘மூன்றாம் பக்கத்தில் உங்கள் பாட்டி பற்றி வரும் வரிதான் எனக்கு மறக்கவில்லை, அது ஏன் மூன்றாம் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது?’ என்பது மாதிரி. பிழைத்திருத்தம் கடைசி டிராஃப்டுக்கு, அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும்; மீதியை அவர்களே தேட வேண்டும். வசதிப்பட்டால் தாளில் எழுதுவதைவிட நேரில் 15 நிமிடம் பேசுவது பலமடங்கு மேல். மரே தன் வகுப்பையே அப்படித் தனித்தனிச் சந்திப்புகளாகத்தான் நடத்தினார்.

முன்னுரை, மூன்று பத்தி, முடிவுரை: இது போதாதா?

பள்ளித் தேர்வுக்குப் போதும். அமெரிக்கப் பள்ளிகளிலும் இந்த ஐந்து பத்திக் கட்டுரைதான் கோலோச்சுகிறது. உலகத்தில் எந்த விஷயத்துக்கும் சரியாக மூன்று காரணம் இருக்கும் என்று அது பிள்ளைகளை நம்ப வைத்துவிடுகிறது. முடிவுரை என்பது முன்னுரையையே வேறு சொற்களில் சொல்வது. நன்னூல் பத்துக் குற்றங்களில் ‘கூறியது கூறல்’ என்று வைத்திருப்பதை அங்கே பள்ளியில் பாடமாகவே நடத்துகிறார்கள்.

ஃப்ரீரைட்டிங் என்பது விளையாட்டா?

பத்து நிமிடம் கையை எடுக்காமல், அடிக்காமல், யோசிக்காமல் எழுத வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை என்றால் ‘ஒன்றும் தோன்றவில்லை’ என்றே எழுத வேண்டும். 1973-இல் பீட்டர் எல்போ எழுதிய புத்தகம் இதைப் பரப்பியது. அவர் ஒரு காலத்தில் எழுத வராமல் ஆராய்ச்சிப் படிப்பையே பாதியில் விட்டவர். அழகாகத்தான் தொடங்க வேண்டும் என்று காத்திருப்பவர்களுக்கு, முக்கியமாக முதல் மதிப்பெண் வாங்கிப் பழகியவர்களுக்கு, இதைவிட நல்ல மருந்து நான் பார்க்கவில்லை. வாயடிப் பிள்ளைகளுக்கு அவ்வளவு பயனில்லை.

நம் பிள்ளைகள் சுற்றி வளைத்து எழுதுவார்கள் என்கிறார்களே, உண்மையா?

இந்தப் பேச்சுக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. 1966-இல் ராபர்ட் கப்லான் என்ற அமெரிக்க மொழியியலாளர் ஒரு கட்டுரையில், மொழிக் குடும்பங்கள் எப்படிச் சிந்தனையை நகர்த்துகின்றன என்று படம் வரைந்து காட்டினார். ஆங்கிலம் நேர்கோடு. ‘கிழக்கத்தியர்’ என்று அவர் அழைத்தவர்களுக்குச் சுழல். பிற்காலத்தில் அவரே அதன் கடுமையைத் தளர்த்திக்கொண்டார். ஆனால் படம் என்றால் சும்மாவா, ஆசிரியர்கள் மனதில் பச்சை குத்தினாற்போல நின்றுவிட்டது.

இதை வலுவாக எதிர்த்தவர்களில் ஒருவர் நம்மவர். சுரேஷ் கனகராஜா, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். பிறகு அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். தாளுக்கும் மின்சாரத்துக்கும் பஞ்சமான ஊரிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை மேலை நாட்டு இதழுக்கு அனுப்புவது என்ன பாடு என்று 2002-இல் ஒரு புத்தகமே எழுதினார். அவருடைய வாதம் சுருக்கமாக இது: பல மொழி தெரிந்த ஒருவர் வேறு மாதிரி எழுதினால், உடனே அவருடைய தாய்மொழி அவரைத் தடுக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். அவர் தெரிந்தே தேர்ந்தெடுத்திருக்கலாம். அதை நிறுவ, ஒரே அறிஞர் ஒரே பொருளைத் தமிழ் வாசகருக்கு ஒரு விதமாகவும் வெளிநாட்டு இதழுக்கு வேறு விதமாகவும் எழுதியதை எடுத்துக் காட்டினார். சுற்றி வருவது தமிழின் குணம் என்றால், அதே ஆள் எப்படி இரண்டு மாதிரியும் எழுதினார்?

நடைமுறையில் பிள்ளைக்கு என்ன சொல்வது? அமெரிக்க வகுப்பில் முதல் பக்கத்திலேயே உங்கள் நிலைப்பாட்டை எதிர்பார்ப்பார்கள். அதை ‘தீசிஸ்’ என்பார்கள். தாமதமாகச் சொல்ல ஆசைப்பட்டால் சொல்லலாம், ஆனால் காரணத்தோடு, ஆசிரியரிடம் பேசிவிட்டு.

புத்தகத்தில் உள்ளதைக் கொஞ்சம் மாற்றி எழுதினால் காப்பியா?

ஆமாம், அங்கே அப்படித்தான் பார்ப்பார்கள், தண்டனையும் உண்டு. மூல வாக்கியத்தை வைத்துக்கொண்டு நாலு சொல்லை மட்டும் மாற்றுவதற்கு ரெபெக்கா மோர் ஹவர்ட் ‘பேட்ச்ரைட்டிங்’ என்று பெயர் வைத்தார், ஒட்டுப்போட்ட எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை அவர் திருட்டாகப் பார்க்கவில்லை. புரிந்தும் புரியாத பாடத்தோடு மல்லுக்கட்டும் ஒரு கட்டம் என்றார். நோட்ஸை வரி பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண் என்று வளர்ந்த நமக்கு அது நன்றாகவே புரியும். ஆனால் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அவ்வளவு இரக்கம் காட்டும் என்று நம்பிவிடாதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை நண்பனுக்குச் சொல்வதுபோல எழுதுங்கள். பிறகு திறந்து சரிபாருங்கள். எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிடுங்கள்.

மாணவரே மாணவர் கட்டுரையைப் படிப்பதில் என்ன லாபம்?

சும்மா விட்டால் ஒரு லாபமும் இல்லை. ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதிவிட்டு ஃபோனைப் பார்ப்பார்கள். நான் எழுதியவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். கேட்பவர்கள் எந்த இடத்தில் கவனம் தவறியது என்று மட்டும் சொல்ல வேண்டும். படிக்கும்போதே எழுதியவர் பாதிக் குறைகளைக் கண்டுபிடித்து முகம் சுளிப்பார். அவ்வளவுதான் வேண்டும்.

மதிப்பெண் நியாயமாகப் போடுகிறார்களா?

1961-இல் ஒரு சோதனை நடந்தது. பால் டீடெரிச்சும் கூட்டாளிகளும் 300 கட்டுரைகளை ஆசிரியர், ஆசிரியரல்லாதார் என்று 53 பேரிடம் கொடுத்து, ஒன்பது படிகளில் தரம் பிரிக்கச் சொன்னார்கள். 94 விழுக்காடு கட்டுரைகளுக்கு ஏழோ அதற்கு மேலோ வெவ்வேறு தரங்கள் விழுந்தன. இந்த மாதிரிச் சிக்கலைச் சமாளிக்க வந்தவைதான் ரூப்ரிக் என்ற மதிப்பீட்டு அட்டவணை, ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து மாதிரித் தாள்களுக்குத் தரம் போட்டுப் பழகுவது, ஒரே கட்டுரைக்குப் பதில் செமஸ்டர் முழுக்க எழுதியதைத் தொகுத்துப் பார்க்கும் போர்ட்ஃபோலியோ எல்லாம். இன்னும் சிலர் செய்த உழைப்புக்கு மட்டும் மதிப்பெண் தருகிறார்கள். எனக்குப் பிடித்தது போர்ட்ஃபோலியோ. திருத்தி எழுதுவதற்குப் பலன் கிடைக்கும் ஒரே ஏற்பாடு அதுதான் என்று தோன்றுகிறது.

சாட்ஜிபிடி வந்த பிறகு இதெல்லாம் எதற்கு?

2022 நவம்பருக்குப் பிறகு இந்தக் கேள்வி இல்லாத நாளே இல்லை. முதலில் ஒன்று: இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பிப் பிள்ளைகள் மேல் பழி போடுவது தவறு. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ, தானே வெளியிட்ட கண்டுபிடிப்பானைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏழு கண்டுபிடிப்பான்களிடம், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதும் டோஃபல் தேர்வின் கட்டுரைகளைக் கொடுத்தார்கள். மனிதர்களே எழுதியவை, ஆனால் சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லின. காரணம், ஆங்கிலத்தைப் பிறகு கற்றவர்கள் எளிய, எதிர்பார்த்த சொற்களையே போடுகிறார்கள். அடி யார் மேல் விழும் என்று பாருங்கள்.

தப்பித்துக்கொள்ள ஒரு வழி: எல்லா டிராஃப்டையும் தேதியோடு வைத்திருங்கள். கூகுள் டாக்ஸில் எழுதினால் வரலாறு தானாகவே பதிவாகும்.

ஆசிரியர் பக்கம், இறுதித் தாளை மட்டும் வாங்கி மதிப்பெண் போட்டவர்கள்தான் அதிகம் ஆடிப்போனார்கள். நாலு டிராஃப்டும் நேர்ப்பேச்சுமாக நடத்தியவர்களுக்கு, மாணவர் எங்கே எழுதினார் எங்கே எழுதவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருந்தது.

புதிதாக டி.ஏ. ஆகியிருக்கிறேன். எவ்வளவு வேலை?

கணக்குப் போடுவோம். ஒரு வகுப்பில் 22 பேர், இரண்டு வகுப்பு. நாலு கட்டுரை, ஒவ்வொன்றும் இரண்டு டிராஃப்ட். மொத்தம் 352 தடவை படிக்க வேண்டும். தலைக்கு 20 நிமிடம் என்றால் 117 மணி நேரம், அதாவது மூன்று முழு வேலை வாரம், படிப்பதற்கு மட்டும். எழுத்து ஆசிரியர்களின் தேசிய அமைப்பு வகுப்புக்கு 20 பேருக்கு மேல் கூடாது, 15 நல்லது, ஒருவருக்கு ஒரு பருவத்தில் 60 மாணவருக்கு மேல் தரக் கூடாது என்கிறது. டி.ஏ.க்களும் ஒப்பந்த ஆசிரியர்களும் இரண்டு மூன்று கல்லூரிகளில் ஓடி ஓடிக் கற்பிக்கும் துறையில், அதை எத்தனை இடத்தில் மதிக்கிறார்கள் என்பதைப் போய்ப் பாருங்கள். ஹாப்கின்ஸின் ‘முடியாது’ எனக்கு அக்டோபர் மாதம் நினைவுக்கு வரும். செமஸ்டரின் நடுப்பகுதியில் என் குறிப்புகளும் சென்று தேய்ந்து இறும்.

ஆகவே கைக்கடிகாரம் வைத்துப் படியுங்கள். முதலில் பேனா இல்லாமல் முழுதும் படித்துவிடுங்கள். ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம், ஒன்பதாவது மாணவர் உங்கள் களைப்புக்கு மதிப்பெண் இழப்பார்.

இந்த வகுப்பைத் தவிர்க்க முடியுமா?

பல இடங்களில் முடியும். பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏ.பி. ஆங்கிலத் தேர்வில் 4 அல்லது 5 வாங்கியிருந்தால் விலக்கு தரும் கல்லூரிகள் நிறைய. சில இடங்களில் 3 போதும். கட்டணம் மிச்சம் என்று பெற்றோர் அவசரப்படுவார்கள். என்னைக் கேட்டால் தவிர்க்க வேண்டாம். முதலாண்டில் முன்னூறு பேர் உட்காரும் அரங்குகளுக்கு நடுவே, ஆசிரியருக்கு உங்கள் பெயர் தெரியும் வகுப்பு இது ஒன்றுதான். மூன்றாம் ஆண்டில் இன்டர்ன்ஷிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று என்னைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் எஞ்சினியரிங் மாணவர்கள். அவர்களைப் பற்றி எழுத வேறு யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.